கோட்டுக்கு உள்ளே 'ங்க' கிடையாது

"நெடுங்காட்டுல கபடி ஆடுனது நீதானா?"

பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இனியா நிமிர்ந்து பார்த்தாள். பல்கலைக்கழகத்தின் காரைக்கால் வளாகத்தில் அவள் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கறுப்புத் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிய, தன்னைவிட ஒரு வயது மூத்தவளாகத் தெரிந்த பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாங்க."

"பள்ளிக்கூட டீம்லயா?"

"ஆமாங்க. ப்ளஸ் டூ வரைக்கும் ஆடுனேங்க."

"இடிச்சா விழுவியா?"

"இடிக்கிறவங்கதாங்க விழுவாங்க."

அந்தப் பெண் சிரித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எம் பேரு கைருன்னிஸா. அஞ்சு வருஷ காமர்ஸ்ல ரெண்டாம் வருஷம். பந்து ஆடுவியா?"

"எந்தப் பந்துங்க?"

"காலால ஆடுறது. ஃபுட்பால்."

"ஆடுனதில்லீங்க."

"நானும் ஆடுனதில்ல. நம்ம காலேஜ்ல பொம்பளப் புள்ளைங்க யாருமே ஆடுனதில்ல. அதான் டீம் ஆரம்பிக்கிறோம்."

"இதுவரைக்கும் எத்தன பேருங்க சேந்திருக்கீங்க?"

"உன்னோட ரெண்டு."

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று இனியா அவள் முகத்தைப் பார்த்தாள். அப்படித் தெரியவில்லை. "நான் இன்னும் சரின்னு சொல்லலீங்களே."

"அப்ப ஒண்ணு. நீ சொல்ற வரைக்கும் நான் தனியா ஆடிக்கிட்டிருக்கேன்."

நடத்துனர் வந்து எங்கே போகவேண்டும் என்று கேட்டார். "இந்தப் புள்ள சரின்னு சொல்ற ஸ்டாப்புக்கு ஒண்ணு குடுங்கண்ணே" என்றாள் கைருன்னிஸா. நடத்துனர் நெடுங்காட்டுக்கே கிழித்துக் கொடுத்துவிட்டார்.

"உங்களுக்கும் நெடுங்காடுங்களா?"

"எங்க வீடு டவுன்ல, பெரிய பள்ளிவாசலுக்குப் பின்னால. இந்த பஸ்ல நான் போறவளே இல்ல. உன்னப் புடிக்கத்தான் ஏறுனேன்."

கொஞ்ச தூரம் போனபிறகு, "நீங்க எந்த எடத்துல ஆடுவீங்க?" என்று கேட்டாள்.

"கோல்கீப்பர்."

"ஏங்க?"

"முழுக்கை சட்டை, முழு பேன்ட்டு, கையில உறை. எங்க உம்மா கொறை சொல்ல ஒரு எடம் கெடையாது. அதோட ஓடவும் வேணாம்."

"சரிங்க" என்றாள் இனியா.

"என்னா சரி? எனக்கு சரியா, உனக்கு சரியா?"

"எனக்குங்க. சேந்துக்கறேங்க."

கைருன்னிஸா எழுந்து இறங்கத் தயாரானாள். எதிர்ப்பக்கம் போகும் பேருந்தைப் பிடித்து அவள் வீடு போய்ச் சேரவேண்டும். படியில் கால் வைத்தவள் திரும்பி, "ஒரு நாளைக்கு எத்தன 'ங்க' போடுவே நீ?" என்றாள்.

"எண்ணுனதில்லீங்க."

அந்தக் கேள்வி பின்னால் தன்னை எவ்வளவு ஓடவிடும் என்று அப்போது இனியாவுக்குத் தெரியாது.

கைருன்னிஸா ஆடியதில்லை என்று சொன்னது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. அவளுடைய வாப்பா நூகு ஷார்ஜாவில் ஒரு கடையில் இருந்தார். வீட்டில் உம்மா மஹ்பூபா, அண்ணன் ஃபயாஸ், இவள். ஃபயாஸும் அவன் கூட்டாளிகளும் சாயங்காலம் கடற்கரையில் பந்து ஆடுவார்கள். பந்து ஓயாமல் கடலுக்குள் போகும். ஒவ்வொரு முறையும் பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கி எடுத்துவர யாருக்கும் மனமில்லை. எட்டு வயதுத் தங்கையைக் கூட்டிப்போய்த் தண்ணீருக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். பந்து அலையைத் தொடக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு வேலை. இரண்டு செருப்புகளுக்கு நடுவே கோல் அடித்தார்கள் அண்ணன்மார்கள். அவளோ கடல் முழுவதையும் காத்தாள். பாய்ந்து விழுவதற்கு அவள் கற்றுக்கொண்டது அங்கேதான். பதின்மூன்று வயதில் இனி வரவேண்டாம் என்றார்கள். சரியென்று வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆனால் வீட்டில் எது கைதவறினாலும் தரையைத் தொடுமுன் பிடித்துவிடுவாள். "கிளாசு ஒடஞ்சே பல வருசமாச்சு இந்த வீட்ல" என்று மஹ்பூபா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்வார்.

இரண்டு பேராக இருந்தது மழைக்காலத்துக்குள் பதினான்கு பேராகிவிட்டது. கடலோர மண்டபத்தூரிலிருந்து வந்த அல்லிக்கு மணலில் ஓடி ஓடிக் கால் இறுகியிருந்தது. கெட்டித் தரையில் அவளை விட்டால் யாராலும் பிடிக்க முடியவில்லை. அவளை முன்னால் நிறுத்தினார்கள். பூவத்து அஞ்சுகம் எல்லோருக்கும் இளையவள், வாய்க்கு மட்டும் வயது கூடுதல். இடது ஓரம் அவளுடையது. உடற்கல்வி இயக்குநர் மணிபாரதி சார் கைப்பந்து ஆடியவர். கால்பந்து விதிகளைக் கைப்பேசியில் பார்த்துப் படித்துவிட்டு வந்து சொல்லிக்கொடுப்பார். ஆஃப்சைடு என்றால் என்ன என்பதை மூன்று சாயங்காலம் விளக்கினார். மூன்றாம் நாள் முடிவில் அஞ்சுகம், "சார், இப்ப உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா?" என்று கேட்டாள்.

பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தலைமை வளாகமும் காரைக்கால் வளாகமும் ஆண்டுக்கு ஒரு முறை மோதும். வென்ற வளாகத்துப் பெண்கள்தான் பல்கலைக்கழக அணியாகத் தென்மண்டலப் போட்டிக்குப் போவார்கள். காரைக்காலில் அணியே இல்லாததால் அதுவரை தலைமை வளாகம் ஆடாமலேயே வென்றுகொண்டிருந்தது.

முதல் வருடம் வேன் வைத்துப் போனார்கள். விடியற்காலையில் எல்லையோரத்துப் பூவத்தில் நிறுத்தி அஞ்சுகத்தை ஏற்றினார்கள். "நம்ம மாநிலம் முடிஞ்சுது, எல்லாரும் பெல்ட்டு போட்டுக்கங்க" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள் அவள். மஹ்பூபா கட்டிக் கொடுத்திருந்த இறால் வாடா பலகாரம் சீர்காழி வருவதற்குள் தீர்ந்துவிட்டது. பாட்டும் கூச்சலுமாக, ஜெயிக்கப் போகிறவர்கள் மாதிரியே போனார்கள்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்த கோல் விழுந்தது. எதிரணிக்காரி ஒருத்தி தூரத்திலிருந்து பந்தை உயரத் தூக்கி அடித்தாள். கோலுக்கும் தடுப்பு வரிசைக்கும் நடுவே பந்து இறங்கியது. கைருன்னிஸா வெளியே வந்தாள். நடுத் தடுப்பில் நின்ற இனியாவும் பின்னால் ஓடிவந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் பந்தருகே வந்து நின்றார்கள்.

"நீங்க எடுங்க" என்றாள் இனியா.

"பரவால்ல, நீ எடு" என்றாள் கைருன்னிஸா.

"இல்லீங்க, நீங்களே எடுங்க."

பச்சை ரிப்பன் கட்டிய ஒரு பெண் இருவருக்கும் நடுவில் புகுந்து பந்தைத் தட்டிக்கொண்டு போய் வெறும் வலையில் போட்டாள். போட்டுவிட்டுத் திரும்பிவந்து, "ரொம்ப நன்றிங்க" என்று கும்பிட்டாள்.

மைதானமே சிரித்தது. அன்று விழுந்த ஒன்பது கோல்களில் அதுவும் ஒன்று. ஆனால் மற்ற எட்டும் யாருக்கும் நினைவில் இல்லை. ஆட்டம் முடிவதற்குள் பார்வையாளர்கள் இவர்களுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: 'வாங்க போங்க டீம்'.

திரும்பும் வழியில், வேன் சிதம்பரம் தாண்டியபின், அல்லி பேச ஆரம்பித்தாள்.

"எங்க வூட்டுல அப்பா முன்னால எங்க அண்ணன் சத்தமாக்கூட பேச மாட்டான். ஆனா கடல்ல போட்டு அலையத் தாண்டுற நேரத்துல மட்டும், 'யோவ், திருப்புயா, திருப்பு'ம்பான். அப்பாவும் திருப்புவாரு. ஒண்ணும் சொல்ல மாட்டாரு. கரைக்கு வந்தா மறுபடியும் 'சாப்டீங்களாப்பா'தான்."

"ஏன் அப்படி?" என்றாள் கைருன்னிஸா.

"அந்த எடத்துல 'ங்க' போட்டுப் பேசுனா, பேசி முடிக்கிறதுக்குள்ள போட்டு கவுந்துடும்."

கைருன்னிஸா முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஓடுகிற வேனிலேயே சட்டம் போட்டாள். மைதானத்தின் சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே 'ங்க' கிடையாது. அக்கா கிடையாது, லாத்தா கிடையாது. எல்லாரும் 'நீ', எல்லாரும் 'டி'. யார் வாயிலாவது 'ங்க' வந்தால் மைதானத்தைச் சுற்றி ஒரு ஓட்டம். கோட்டுக்கு வெளியே வந்துவிட்டால் பழையபடி மரியாதை.

"இப்ப வேன் கோட்டுக்கு உள்ளயா வெளியவா?" என்றாள் அஞ்சுகம்.

"ஏன் கேக்குற?"

"உள்ளன்னா, உக்காருடி, பின்னால வர்றவங்களுக்கு ரோடு தெரியல."

தோற்றபின் முதல் முறையாக வேன் சிரித்தது. கைருன்னிஸா உட்கார்ந்தாள்.

மற்றவர்களுக்கு ஒரு மாதத்தில் பழகிவிட்டது. அஞ்சுகம் இதற்காகவே பிறந்தவள்போல நடந்துகொண்டாள். "கைரு, நேரா நில்லுடி", "கைரு, தூங்குறியாடி" என்று காரணமில்லாமலும் கத்துவாள். இனியாவுக்குத்தான் நாக்கு வளையவில்லை. அவள் வளர்ந்த வீட்டில் பால்காரரிலிருந்து மாமா வரை எல்லாருக்கும் 'ங்க'தான். மூத்தவளைப் பார்த்து 'டி' என்பது வாயில் கல்லைப் போட்டது மாதிரி இருந்தது. கோட்டுக்கு வெளியே கைருன்னிஸாவை எல்லாரும் அவள் தெரு வழக்கப்படி, அக்கா என்பதற்கு லாத்தா என்றே கூப்பிடப் பழகியிருந்தார்கள், இனியாவும். உள்ளே வந்ததும் அந்த லாத்தாவை வெறும் கைருவாக்க அவளால் முடியவில்லை. ஓடினாள். எல்லாரையும்விட அதிகமாக ஓடினாள். அணியிலேயே மூச்சு இரைக்காத ஆள் அவள்தான் என்றாகிவிட்டது. அது ஒன்றுதான் லாபம்.

இரண்டாம் வருடம் அவள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தாள். பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவள், பிறகு ஆங்கில வழி. ஆங்கிலத்தில் 'ங்க' கிடையாதே. பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் ஒரே வார்த்தை. தலைமை வளாகத்தோடு ஆடியபோது, பந்தை நீ தொடாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதை அஞ்சுகத்துக்குச் சொல்லவேண்டிய நேரத்தில், "லீவ் இட்" என்று கத்தினாள். பழக்கமில்லாத குரல், காற்று வேறு. 'லெஃப்ட்' என்று அஞ்சுகத்தின் காதில் விழுந்தது. அவள் பந்தை இடப்பக்கம் தட்டினாள். அங்கே நின்றது பச்சை ரிப்பன்.

"லெஃப்ட்டுன்னு சொல்லல. லீவ்னு சொன்னேன்."

"ஆட்டத்துக்கு நடுவுல எதுக்குடி லீவு கேக்குற?" என்றாள் அஞ்சுகம்.

அந்த வருடம் நாலு கோல் வித்தியாசம். ஒன்பது நாலாகியிருக்கிறது என்று மணிபாரதி சார் ஆறுதல் சொன்னார். அதன்பிறகு இனியா கோட்டுக்குள் பேசுவதையே விட்டுவிட்டாள். மரியாதையாகக் கத்துவதைவிட மோசமாக இருந்தது அது. பின்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரிக்குத்தான் ஆட்டம் முழுவதும் தெரியும். அவள் ஊமையாக இருந்தால் முன்னால் இருப்பவர்கள் எல்லாரும் குருடு.

மூன்றாம் வருடம் தை பிறப்பதற்குக் கொஞ்சம் முன், பயிற்சியின் நடுவே மணிபாரதி சார் எல்லாரையும் உட்காரவைத்தார்.

"ஒரு நல்ல சேதி, ஒரு கெட்ட சேதி. நல்ல சேதி, இந்தத் தடவ ஆட்டம் நம்ம கிரவுண்டுல. அவங்க இங்க வர்றாங்க."

"கெட்டது சார்?" என்றாள் கைருன்னிஸா.

"கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க. இந்தத் தடவையும் தோத்தா அடுத்த வருஷத்துலேர்ந்து காரைக்காலுக்குத் தனி டீம் கெடையாது. விருப்பப்பட்டவங்க ஒரு மாசம் அங்க போயி முகாம்ல தங்கி, செலக்சனுக்கு நிக்கலாம்."

அங்கே போய் ஒரு மாதம் தங்கக்கூடியவர்கள் அந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அல்லியின் அம்மா விடியுமுன் மீன் கூடையோடு கிளம்பிவிடுவார், தம்பிகளுக்கு அல்லிதான். அஞ்சுகத்தை வீட்டில் விட மாட்டார்கள். சொல்லப்போனால் எந்த வீட்டிலும் விட மாட்டார்கள்.

"டிரா ஆனா சார்?"

"டிரா ஆனா போன வருஷம் ஜெயிச்சவங்கதான் போவாங்க. நாம ஜெயிக்கணும். வேற வழியில்ல."

கைருன்னிஸா தன் கையுறையைக் கழற்றி, மறுபடியும் மாட்டி, மறுபடியும் கழற்றினாள். ஒருத்தியாக இருந்தபோதே தன்னை டீம் என்று சொல்லிக்கொண்டவள் அவள். இனியாவால் அவளைப் பார்க்க முடியவில்லை. சார் போனபிறகு கைருன்னிஸா அவளிடம் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அன்னிக்கு மட்டும் வாயத் தொறந்துடு."

"முயற்சி பண்றேங்க."

"கோட்டுக்கு உள்ள இருக்கோம்."

இனியா எழுந்து ஓடப் போனாள்.

ஆட்டத்தன்று மைதானத்தைச் சுற்றி நிற்க இடமில்லை. மூன்று வருடமாக இந்தப் பெண்கள் ஓடுவதை வேலியோரம் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போன பையன்கள், இப்போது தொண்டை கிழியக் கத்துவதற்கு வந்திருந்தார்கள். மண்டபத்தூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். மஹ்பூபா முதல் முறையாக மகளின் ஆட்டத்தைப் பார்க்க வந்து, நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எதிரணி வேனிலிருந்து இறங்கிய பச்சை ரிப்பன் இவர்களைப் பார்த்து, "வாங்க போங்க டீம், சௌக்கியங்களா?" என்றாள்.

"சௌக்கியம். உள்ள வாடி, பாத்துக்கலாம்" என்றாள் அஞ்சுகம்.

முதல் பாதியில் அல்லி பந்தை நடுக்கோட்டில் வாங்கினாள். அதற்கப்புறம் அவளைத் துரத்தியவர்களுக்கு அவள் முதுகுச் சட்டையில் இருந்த எண் மட்டும்தான் தெரிந்தது. கோல். மண்டபத்தூர் வேன்காரர்கள் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்கள். நடுவர் அவர்களை வெளியே அனுப்பவே கொஞ்ச நேரமாயிற்று. இடைவேளைக்குப் பிறகு ஒரு கார்னரில் கூட்டத்துக்குள் யாருடைய காலிலோ பட்டுப் பந்து உள்ளே போனது. ஒன்றுக்கு ஒன்று. அப்படியே முடிந்தால் எல்லாம் முடிந்தது.

கடைசிக் கட்டம். வெயில் மேற்கே சாய்ந்து கைருன்னிஸாவின் கண்ணில் நேராக அடித்தது. அல்லிக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்தது, ஆனாலும் உட்காரவில்லை. கைருன்னிஸா எல்லாரையும் முன்னால் போகச்சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எதிரணிக்காரி ஒருத்தி தூரத்திலிருந்து பந்தைத் தூக்கி அடித்தாள்.

இனியாவுக்கு அந்தப் பந்தைத் தெரியும். இரண்டு வருடமாகக் கனவில் வந்த பந்து அது. கோலுக்கும் தடுப்புக்கும் நடுவே அதே இடத்துக்குத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. வெயிலுக்குக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு கைருன்னிஸா வெளியே ஓடிவந்தாள். பந்து எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை என்பது அவள் வந்த விதத்திலேயே இனியாவுக்குத் தெரிந்தது. பச்சை ரிப்பன் ஓரத்திலிருந்து பாய்ந்து வந்தாள். பின்னால் கோல் வெறுமையாகத் திறந்து கிடந்தது.

"என்னுது" என்று இனியா கத்தினாள். "போடி உள்ள."

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. மைதானத்தின் மூலைக்கு மூலை கேட்டது. கைருன்னிஸா ஏன் என்று கேட்கவில்லை, யார் என்று பார்க்கவில்லை. ஓடிவந்த கால் அப்படியே திரும்பி கோலைப் பார்த்து ஓடியது.

இனியாவும் பச்சை ரிப்பனும் ஒன்றாகப் பந்தில் கால் வைத்தார்கள். பந்து இருவருக்கும் நடுவில் நசுங்கி, மேலே எழும்பி, வில்லாக வளைந்து கோலை நோக்கிப் போனது. யாரும் அடிக்காத பந்து. அதனாலேயே யாராலும் கணிக்க முடியாத பந்து. கைருன்னிஸா மட்டும் வெளியே நின்றிருந்தால் அது தலைக்கு மேலே போய் வலையில் விழுந்திருக்கும். அவள் அதற்குள் கோல் கோட்டுக்கு வந்து திரும்பிவிட்டிருந்தாள். பந்தும் இப்போது வெயிலுக்குக் கீழே இறங்கிக் கண்ணுக்குத் தெரிந்தது. பின்னால் கடல் இருப்பதாக நினைத்துக்கொண்டாளோ என்னவோ, பக்கவாட்டில் பாய்ந்து ஒற்றைக் கையால் பந்தை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தாள்.

விழுந்த வேகத்திலேயே எழுந்தாள். "அஞ்சுகம், ஓடுடி."

பந்து இடது ஓரத்துக்குப் பறந்தது. எதிரணி முழுக்க இந்தப் பக்கம் ஏறி வந்திருந்தது. அஞ்சுகம் வாயைத் திறக்காமல் ஓடியதை எல்லாரும் அன்றுதான் பார்த்தார்கள். கொடிக்கம்பம் வரை ஓடி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பந்தை நடுவே போட்டாள். அல்லி வருவாள் என்று அவளுக்குத் தெரியும். பிடித்துக்கொண்ட காலை இழுத்துக்கொண்டு அல்லி வந்தாள். காலால் அடிக்க முடியாமல் முழங்காலால் தள்ளினாள். பந்து கம்பத்தில் பட்டது. பந்து உள்ளே உருண்டது.

அதற்கப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல யாராலும் முடியாது. நடுவர் விசில் ஊதியதைக் கேட்டவர்கள் குறைவு. மணிபாரதி சார் கைப்பந்துக்காரர்போலவே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தார். பச்சை ரிப்பன் வந்து இனியாவின் கையைப் பிடித்து, "இந்த வாயை ரெண்டு வருஷமா எங்க வெச்சிருந்தீங்க?" என்றாள். இந்த 'ங்க' கேலி இல்லை.

இனியா கோட்டைத் தாண்டி வெளியே வந்தாள். முன்னால் மஹ்பூபா நின்றிருந்தார்.

"எம் மவள போடின்னு சொன்னது நீதானா புள்ள?"

"ஆமாங்கம்மா. மன்னிச்சுக்குங்கம்மா. ஆட்டத்துல..."

"எதுக்கு மன்னிப்பு? பத்தொம்பது வருசமா நான் உள்ள போடி உள்ள போடின்னு சொல்றேன், ஒரு நாளு கேட்டதில்ல. நீ ஒரு தடவ சொன்னே, ஓடுனா பாத்தியா?"

பின்னால் நின்ற கைருன்னிஸா முகத்தைக் கையுறையால் மூடிக்கொண்டாள்.

அந்த வருடம் பல்கலைக்கழகச் சட்டை போட்டுக்கொண்டு தென்மண்டலப் போட்டிக்குப் போனது காரைக்கால் பெண்கள்தான். முதல் ஆட்டத்தில் வென்றார்கள், இரண்டாவதில் தோற்றார்கள். தனி அணி வேண்டுமா வேண்டாமா என்று அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. இன்று வரை ஒவ்வொரு வருடமும் வளாகத்தில் அணி இருக்கிறது. ஒரு வருடம் ஜெயிக்கும், ஒரு வருடம் தோற்கும். 'ங்க' போட்டால் ஓடவேண்டும் என்பது இன்னும் இருக்கிறது. அது எப்படி வந்தது என்று இப்போது ஆடும் பெண்களுக்குத் தெரியாது. போன வருடம் வெளியூரில் ஒரு ஆட்டத்தில், புதிதாகச் சேர்ந்த பெண் நடுவரிடம் போய், எதிரணி கேப்டன் 'ங்க' போட்டுப் பேசுகிறாள், அவளை ஓடச் சொல்லுங்கள் என்று புகார் கொடுத்துவிட்டு வந்தாள்.

கைருன்னிஸா இப்போது காரைக்கால் கடைத்தெருவில் வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் எடுத்துக்கொடுக்கும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் மைதானத்தில் பயிற்சி கொடுக்கிறாள். இனியா நெடுங்காடு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் இருக்கிறாள். அங்கே நாள் முழுக்க 'ங்க'தான், அவளுக்கு அது சௌகரியமாக இருக்கிறது. கைருன்னிஸாவை வெளியில் எங்கே பார்த்தாலும், "லாத்தா, நல்லாருக்கீங்களா?" என்றுதான் கேட்கிறாள்.

ஒரே ஒரு முறை அது மாறியது. பயிற்சியாளர் உரிமத்துக்கான வகுப்பில் சேர கைருன்னிஸா சென்னைக்குப் போயிருந்தாள். துணைக்கு இனியாவும் போனாள். அரங்கத்து வாசலில் நின்ற வரிசையில் அத்தனையும் ஆண்கள். கைருன்னிஸா வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டாள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், இன்று தலைவலிக்கிறது, சாயங்கால ரயிலைப் பிடித்துவிடலாம் என்றெல்லாம் சொன்னாள். இனியா கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு நடுத்தெருவில், அத்தனை பேர் முன்னால், அதே குரலில் சொன்னாள்:

"போடி உள்ள."

வரிசையே திரும்பிப் பார்த்தது. கைருன்னிஸா ஏன் என்று கேட்கவில்லை. போனாள்.

அப்படிச் சொல்வதற்கு இனியாவுக்கு அனுமதி இருந்தது. அதை அவள் கேட்டு வாங்கவில்லை, கைருன்னிஸாவே கொடுத்தது. ஜெயித்த அன்று சாயங்காலம் நெடுங்காட்டுப் பேருந்துக்காக இருவரும் நின்றிருந்தார்கள். கைருன்னிஸாவின் முழங்கை சிராய்த்து, மஹ்பூபா வைத்த மஞ்சள் காய்ந்திருந்தது. "வலிக்குதுங்களா லாத்தா?" என்று இனியா கேட்டாள். கைருன்னிஸா சிரித்தாள். பேருந்து வந்து நின்றது. இனியா படியில் ஏறியதும் கீழே நின்றபடி அவள் சொன்னாள்:

"ஒரு உதவி பண்ணு இனியா. கோட்டுக்கு வெளிய மரியாதையா இருக்கணும்னு நான்தான் சட்டம் போட்டேன். அது அப்படியே இருக்கட்டும். ஆனா நான் எங்கயாவது பந்து எங்க இருக்குன்னு தெரியாம நடுவுல வந்து நின்னேன்னா, அந்த எடத்துல கோடு இருக்கா இல்லையான்னு பாக்காத. அந்த ஒரு தடவ மட்டும், என்னைய நீன்னு சொல்லிக் கூப்புடு."